முதுகுப் பரீட்சை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ரம்யா என்ற பெண் தொலைபேசியில் பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். நேரில் பார்த்ததில்லை. மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், கம்பெனி மலர் ஒண்ணு கொண்டு வர்றோம். நீங்க ஒரு கட்டுரை தரணும். ஒரே கோர்ஸ்ல நானூறு ஆடியோ கிளிப்பை எப்படி மேனேஜ் பண்ணீங்க, அந்த மாதிரி டிப்ஸ். ரெண்டு பக்கம், ஜாலியா இருந்தாப் போதும்."

அதோடு விட்டிருந்தால் நானும் ஏதாவது ஜாலியாக எழுதிக் கொடுத்திருப்பேன். அவள் விடவில்லை.

"கூடவே ஒரு படிவம் அனுப்பறேன் மேடம். புது கோர்ஸ் ஒண்ணுக்கு சீனியர் ரிவ்யூவர்னு உங்க பேரைப் போட்டிருக்கோம். முதுகுப் பரீட்சை நடந்ததுன்னு ஒரு வரி இருக்கும். அதுல ஆம்னு வட்டம் போட்டு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க."

"முதுகுப் பரீட்சைன்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"ஏதோ பழைய ஃபார்மாலிட்டி மேடம். பார்த்தசாரதி சார் ஃபேர்வெல் வீடியோல சொல்லியிருக்கார். எல்லாரும் கைதட்டுவாங்களே."

ஃபோனை வைத்துவிட்டேன். அந்த வீடியோவில் கைதட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் ஜாலியாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் சைதாப்பேட்டைக்காரி. இயற்பியல் படித்துவிட்டு தி.நகரில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினாலு வருடம் நாடா வெட்டி ஒட்டினேன். அது மூடியதும் நந்தனத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். வங்கி, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை ஊழியர்களுக்குக் கணினியில் பாடம் தயாரித்துக் கொடுப்பதுதான் நிறுவனத்தின் வேலை. ஆரம்பத்தில் குறுந்தகட்டில் கொடுத்தோம், பிறகு இணையத்தில். பாடத்தில் வருகிற குரல் முழுக்க என் பொறுப்பு.

வெளியாட்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரியாது. என் தம்பிகூட, "யாரோ பேசறாங்க, நீ ஒட்டறே, அவ்ளோதானே" என்பான். ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். அதில் பாடத்தைச் சொல்லும் குரல் ஒன்று. நாலு படங்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் அமுக்கும்போது பேச நாலு துண்டுகள். கேள்வி இருந்தால் கேள்விக்கு ஒன்று, விடைகளுக்கு மூன்று, சரி என்றால் ஒன்று, தவறு என்றால் ஒன்று. இப்படி நாற்பது ஐம்பது திரைகள். ஒரு பாடத்துக்கு முந்நூறு, நானூறு ஒலித்துண்டுகள் சாதாரணமாக வரும். நானூறும் குரல் கொடுக்கிற ஒரே பெண்மணி பேசியவை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஏறிவிட்டால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. அர்த்தம்தான் மாறிப்போகும்.

என் மேலதிகாரி பார்த்தசாரதி சார் மயிலாப்பூர்க்காரர். ஒன்பது மணி அலுவலகத்துக்கு எட்டே முக்காலுக்கு வந்துவிடுவார். வந்ததும் தன் ஹெட்ஃபோனின் இரண்டு பஞ்சுகளையும் கைக்குட்டையால் துடைப்பார். வேறு யாராவது அதைத் தொட்டிருந்தால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். நான் முடித்துக் கொடுத்த வேலையைக் கேட்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. பிழை இருந்தால் ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றி, வயரைச் சுற்றி, மேஜையில் வைத்துவிட்டு, "மறுபடியும்" என்பார். எந்த இடம் என்று சொல்ல மாட்டார், நாமே தேட வேண்டும். ஒருமுறை பதினோரு தடவை "மறுபடியும்" வாங்கினேன். துண்டு தொடங்குவதற்கு முன் விட வேண்டிய அரை நொடி அமைதியை ஒரே ஒரு இடத்தில் விடாமல் இருந்திருக்கிறேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் பாட்டுக்கு டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவரை எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், பிடிக்கவில்லை. நம்பினேன்.

ஒரு வங்கிக்குச் செய்த பாடத்தில் நாங்கள் மானம் கெட்டுத் திரும்பினோம். குமாஸ்தா ஒருவர் எங்கள் கண்ணெதிரே நாலு படங்களையும் கடகடவென்று அமுக்க, நாலு குரலும் ஒன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டன. "இன்னா சார், கொழாயடி சண்டை மாரி கீது" என்று அவர் சிரிக்க, அறையே சிரித்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் முதலில் பேசிக்கொண்டிருக்கும் குரலை நிறுத்து, அப்புறம் புதியதைத் தொடங்கு என்று கட்டளை போட வேண்டும். அதை மறந்திருந்தோம். ஒவ்வொருவரும் நிதானமாக ஒரு படத்தை அமுக்கி, முழுக்கக் கேட்டு, அடுத்ததை அமுக்குவார்கள் என்று நினைத்தோம். எங்களைத் தவிர உலகத்தில் யாரும் அப்படி அமுக்குவதில்லை.

 மறுநாள் காலை பார்த்தசாரதி சார் போட்டதுதான் முதுகுப் பரீட்சை.

பாடம் முடிந்ததும், அதன் எழுத்துப் பிரதியைப் பார்த்தேயிராத ஒருவரைப் பிடித்து வர வேண்டும். கணக்குப் பிரிவு, வாயில் காவலர், பக்கத்து அலுவலகம், யாராயிருந்தாலும் சரி. அவரைத் திரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்ட வேண்டும். எங்களில் ஒருவர் சுட்டியைப் பிடித்து, அவர் சொல்வதை அமுக்க வேண்டும். பாடம் முழுவதையும் அவர் காதால் மட்டுமே கேட்பார். கடைசிப் பரீட்சையில் அவர் சொல்லும் விடையைத்தான் அமுக்க வேண்டும், நாமாகத் திருத்தக் கூடாது. அவர் தேறவில்லை என்றால் பாடம் வெளியே போகாது.

"பாக்கறவா ஆயிரம் பேர் இருப்பா கலா. கேக்கறவாளுக்கு யார் இருக்கா? நாமதான்" என்றார். அவர் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அந்த ஒரு தடவைதான் என்பதால் நினைவிருக்கிறது.

அலுவலகமே கேலி செய்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்தவரைப் பார்த்து, "இன்னா மச்சி, முடி வெட்டிக்கப் போறியா?" என்பார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம் ஒரு பாடம்கூட அந்தப் பரீட்சை இல்லாமல் வெளியே போகவில்லை. எத்தனை ஓட்டைகள் அதில் பிடிபட்டன என்று எனக்குத்தான் தெரியும்.

அது ஏன் அத்தனை அவசியம் என்றால், எங்கள் ஆட்கள் யாரும் பாடத்தைக் கேட்பதில்லை. சோதனை செய்வதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. ஆறு பேர். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கும், ஒலி அணைந்திருக்கும். திரையில் எழுத்தைப் படித்து, அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போய், "ஒலி சரி" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவார்கள். கேட்டால், "நானூறு கிளிப்பையும் கேட்டா ஒரு நாள் போயிடும் மேடம்" என்பார்கள். ஒரு நாள் போகத்தான் போகும். அதற்குத்தானே அவர்களை வைத்திருந்தது.

பிறகு நிறுவனம் கைமாறியது. பார்த்தசாரதி சார் தயாரிப்புப் பிரிவுக்கே தலைவரானார். மூன்று வாரத்தில் செய்த பாடத்தை ஒன்பது நாளில் கேட்டார்கள். என் ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது அடையாற்றில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு, வார்டு உதவியாளர்களுக்கான துப்புரவுப் பாடம் வந்தது. பழைய துணி, ரத்தக்கறை பட்ட விரிப்பு, சாதாரண அழுக்குத் துணி எல்லாவற்றையும் எந்தத் தொட்டியில் போடுவது என்பதுதான் அதில் முக்கியம். பெரும்பாலானவர்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், எல்லாவற்றையும் குரலில் சொல்லிவிடுங்கள் என்று மருத்துவமனையே எழுதிக் கேட்டிருந்தது. இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

பாடம் முடியும் தறுவாயில், தொட்டிகளின் நிறத்தை மாற்றிவிட்டோம் என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. ரத்தக்கறைத் துணிக்கு நீல மூடி என்றிருந்தது மஞ்சளானது. மஞ்சளில் போட்டது நீலத்துக்குப் போனது. திரையில் எழுத்தை மாற்றினார்கள். குரல் கொடுத்த பெண்மணியை மறுபடி வரவழைத்து ஒன்பது துண்டுகளைத் திரும்பப் பதிவு செய்தேன். ஒலியைத் திரையோடு சேர்க்கும் வேலை செய்கிறவர் அந்த ஒன்பதையும் பழைய பெயரிலேயே, பழைய கோப்புறையில் போட்டார். பழையது அழிந்து புதியது வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் முதலில் ஏற்றும்போதே தனக்குள் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். கோப்புறையில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யாருக்கும் கை தவறும். கை தவறும் என்று தெரிந்துதானே முதுகுப் பரீட்சை வைத்தோம்.

அன்று பகல் நான் ஆள் பிடிக்கப் போகும்போது பார்த்தசாரதி சார் கூப்பிட்டார். கையில் படிவம்.

"கலா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. நாலு மணிக்கு அனுப்பணும்."

"முதுகுப் பரீட்சை நடக்கல சார்."

"தெரியும். ஸ்க்ரீன்ல எல்லாம் நானே பாத்துட்டேன், சரியா இருக்கு. கிளையண்ட் உசிர எடுத்துண்டு இருக்கான். இந்த ஒரு தடவை."

"ஒன்பது கிளிப் மாத்தியிருக்கோம் சார்."

"அதான் மாத்தியாச்சே. ஏன் என்னோட தகராறு பண்ணிண்டு இருக்கே?"

அந்த விதியை உண்டாக்கியவரே சொல்கிறார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். "முதுகுப் பரீட்சை நடந்தது: ஆம் / இல்லை" என்ற வரியில் ஆம் என்பதை வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேனா அவருடையது, வட்டம் என்னுடையது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், ஒரு அம்மா வந்து உக்காந்துக்கிட்டு போக மாட்டேங்கறாங்க. ஆடியோ ஆளைப் பாக்கணுமாம்."

போய்ப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மருத்துவமனையின் பச்சைச் சேலைச் சீருடை, கையில் மடித்த பிளாஸ்டிக் பை. பெயர் தேசம்மா, மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். பாடத்தின் கடைசித் திரையில் எங்கள் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். அதைத் தன் மகளிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"அந்தப் பாடத்துல பேசுதே ஒரு அம்மா, அது நீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. அவங்க வேற. நான் அவங்க பேசறதப் பதிவு பண்றவ. என்ன விஷயம்?"

"அவங்களத்தான் பாக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீலம்னு அவங்கதான் சொன்னாங்க. நான் நீலத்த அமுக்குனேன். அமுக்குன ஒடனே அதே அம்மா தப்புன்றாங்க. பாடத்த மறுபடி கவனமா கேளுன்றாங்க. மறுபடி போய்க் கேட்டேன். மறுபடியும் நீலம்தான் சொல்றாங்க. அவங்க சொன்னத செஞ்சா அவங்களே தப்புன்னா, நான் இன்னாதான் பண்றது?"

 அவள் சொல்லி முடிப்பதற்குள், அந்த ஒன்பது துண்டுகளும் பழையபடியே போயிருக்கின்றன என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

அவளை உட்கார வைத்துக் காபி வரவழைத்தேன். ஆறு வருடமாக அந்த மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாள். இந்தப் பரீட்சையில் பத்துக்கு எட்டு எடுத்தால் வேலை நிரந்தரம். மூன்று தடவை தவறினால் ஒப்பந்தமும் போய்விடும். அவள் இரண்டு தடவை தவறியிருந்தாள், மூன்றாவது அந்த வெள்ளிக்கிழமை. புருஷன் கடலுக்குப் போவதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. வீட்டில் மாதச் சம்பளம் இவள் ஒருத்திக்குத்தான்.

"வார்டுல அந்தத் துணிய எதுல போடறீங்க?" என்று கேட்டேன்.

"மஞ்சள்லதான் டெய்லி போட்டுகினு கீறேன்."

"அப்ப ஏம்மா நீலத்த அமுக்கினீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "படிச்சவங்க சொல்றாங்களே. மறுபடி மாத்திட்டாங்க போல, நமக்குத்தான் தெரில போலன்னு நெனச்சேன்."

பத்துக் கேள்வியில் நாலு நிறத்தைப் பற்றியவை. குரலை நம்பிக் கேட்டவர் எத்தனை தடவை எழுதினாலும் ஆறுக்கு மேல் வாங்க முடியாது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தேறினார்கள். பாடத்தைக் கேட்காமல், வார்டுப் பழக்கத்தில் அமுக்கிவிட்டுப் போனவர்களும் தேறினார்கள். சொன்னபடி உட்கார்ந்து கவனமாகக் கேட்டவர்கள்தான் தவறினார்கள். 

"என் கூட இருந்த சாந்தி மூணு தடவையும் பெயிலு. போன வாரம் வூட்டுக்கு அனுப்ட்டாங்க" என்றாள் தேசம்மா, காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே.

அவளை அனுப்பிவிட்டு, உதவிக்கென்று வந்த புகார்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதே மருத்துவமனையிலிருந்து ஐந்து புகார்கள். "குரல் மாற்றிச் சொல்கிறது" என்றுதான் ஐந்திலும் இருந்தது. ஐந்துக்கும் எங்கள் ஆட்கள் பதில் எழுதியிருந்தார்கள்: "சோதித்தோம். திரையில் சரியாக உள்ளது. பயனரின் கவனக் குறைவு." ஒருவன்கூட ஹெட்ஃபோனைக் காதுக்கு ஏற்றவில்லை. காதில் கேட்டது தப்பு என்று ஒருத்தி சொன்னால், கண்ணால் பார்த்துவிட்டு நீ பொய் சொல்கிறாய் என்று பதில் எழுதியிருக்கிறார்கள். படித்த திமிர் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

நேராக பார்த்தசாரதி சார் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னிக்கே ஒன்பதையும் மாத்தி ஏத்திடு. சின்ன அப்டேட்னு ஒரு மெயில் போட்டுடலாம். அந்த அம்மாவுக்குத்தான் இன்னும் ஒரு சான்ஸ் இருக்கே. பாஸ் பண்ணிடுவா."

"ரெண்டு தடவை பெயில்னு இருக்கறது?"

"அது அவா ரெக்கார்ட். நாம எப்படித் தொடறது?"

"சாந்தின்னு ஒருத்திக்கு வேலையே போயிடுச்சு சார்."

"கலா, நாம தப்பு பண்ணிட்டோம்னு எழுதிக் குடுத்தா கான்ட்ராக்டே போயிடும். முப்பது பேர் ஆத்துல அடுப்பு எரியறது இந்த ஆபீஸை நம்பி."

"அவங்க வீட்டுல எரிய வேணாமா?" என்றேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

வந்தார். என்னைச் சமாளிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். அடையாற்றில் அந்த மருத்துவமனையின் பயிற்சி அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். இளவயதுக்காரர், சுறுசுறுப்பானவர். பார்த்தசாரதி சார் "ஒரு சின்ன அப்டேட்" என்று ஆரம்பிப்பதற்குள் நான், "உங்க ஆளுங்க பெயிலானதுக்குக் காரணம் எங்க ஆடியோ" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நம்பவில்லை. "மேடம், நானே கோர்ஸை முழுசாப் பாத்தேன். ஸ்க்ரீன்ல க்ளியராத்தானே இருக்கு. இவங்கல்லாம் கவனிக்கிறதே இல்ல" என்றார்.

"பழைய பாடம் இன்னும் உங்க மெஷின்ல இருக்கு சார். உங்க நாற்காலிய மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்குங்க."

சிரித்துக்கொண்டேதான் திரும்பி உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டி, காதில் கேட்டதை வைத்து மட்டும் விடை சொல்லச் சொன்னேன். பார்த்தசாரதி சாரைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து சுட்டியைப் பிடித்தார். பழைய முறைப்படி, ஒரு துண்டு முடியும் வரை காத்திருந்து அடுத்ததை அமுக்கினார். துணிகளைப் பற்றிய பகுதி இருபது நிமிடம் ஓடியது. பிறகு பரீட்சை. ரத்தக்கறை பட்ட விரிப்பு எந்தத் தொட்டியில்?

"நீலம்" என்றார் அதிகாரி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி.

பார்த்தசாரதி சார் கையை நகர்த்தி மஞ்சளை அமுக்கியிருக்கலாம். எனக்குக்கூட ஒரு கணம் தெரிந்திருக்காது. அவர் நீலத்தை அமுக்கினார். அதிகாரியின் தோள் லேசாகத் துள்ளியது. தவறு, பாடத்தை மீண்டும் கவனமாகக் கேட்கவும் என்று அந்தப் பெண்மணி அவர் காதில் சொல்லியிருப்பாள். அடுத்த கேள்வி, அடுத்தது. நாலும் தவறு. பத்துக்கு ஆறு.

அதிகாரி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு திரும்பி, "இதை உங்க ஆபீஸ்ல யாருமே கேக்கலையா?" என்றார்.

நாங்கள் அனுப்பிய படிவம் அவர் கோப்பில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். "முதுகுப் பரீட்சை நடந்தது, ஆம். இதுதானா அது? இப்ப எனக்கு வெச்சீங்களே? நடந்ததுன்னு போட்டிருக்கே. யாரு கையெழுத்து?"

"என்னுது. நடக்கல. நடந்ததுன்னு நான் எழுதினது பொய்" என்றேன்.

சொல்லிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தேன். "நான்தான் போடச் சொன்னேன்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்வார் என்று காத்திருந்தேன். நீலத்தை நேர்மையாக அமுக்கிய அந்தக் கை, மேஜைமேல் கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. 

மருத்துவமனை எல்லா முடிவுகளையும் ரத்து செய்து, திருத்திய பாடத்தை வைத்து மறுபடி பரீட்சை நடத்தியது. தேசம்மா பத்துக்கு ஒன்பது வாங்கினாள். ஒப்பந்தமும் போகவில்லை, முப்பது வீட்டு அடுப்பும் அணையவில்லை. எனக்கு மட்டும் தவறான தகவல் தந்ததற்காக ஒரு குற்றச்சாட்டு மெமோ வந்தது. குற்றம் உண்மை என்பதால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் பார்த்தசாரதி சார். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

தேசம்மா மறுபடி ஒரு நாள் வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கீழே போனேன்.

"நீதான் கையெழுத்து போட்டியாமே. ஆபீசர் சொன்னாரு" என்றாள். மரியாதை போயிருந்தது. போனதில் நியாயம் இருந்தது.

"ஆமா."

"ரெண்டு மாசம் எனக்குத் தூக்கம் இல்ல, தெரியுமா? சரி, ஒத்துக்கினியே, அது போதும். இப்ப என் கூட வா. சாந்திய மறுபடி வேலைக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரில லெட்டர் போட்டுக்கீறாங்க. அது மாட்டேன்னுது. நீ வந்து சொல்லு."

குப்பத்தில் படகுகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாத சந்தில் சாந்தியின் வீடு. தேசம்மாவைவிட வயதில் சின்னவள். பெசன்ட் நகரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் யார் என்று தேசம்மா சொன்னதும் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே கேட்டாள். என்ன நடந்தது, தப்பு எப்படி எங்களுடையது என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"அது ஆவட்டும்க்கா" என்றாள் சாந்தி. "மூணு தடவ உக்காந்தேன். ஒவ்வொரு தடவையும் நல்லா கேட்டேன். மூணாவது தடவ கண்ண மூடிக்கினு கேட்டேன், ஒரு வார்த்தகூட உடக்கூடாதுன்னு. வூட்டுக்கு வந்தா எங்க வூட்டுக்காரரு, ஒனுக்கு மண்டைல ஒண்ணும் ஏறாதுன்னாரு. நானும் சரிதான் போலன்னு நம்பிட்டேன்."

"உங்க மேல தப்பு இல்லம்மா. ஒரே ஒரு தடவை மறுபடி எழுதினாப் போதும்."

"வாணாம்க்கா. வேல நல்ல வேலதான். ஆனா அந்தப் பொட்டி முன்னால இன்னொரு தடவ என்னால உக்கார முடியாது. சரியாவே சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது."

தேசம்மா எவ்வளவோ திட்டிப் பார்த்தாள். அவள் அசையவில்லை. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். அவள் வேலைக்குத் திரும்பவே இல்லை.

பார்த்தசாரதி சாருக்கு மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் வழியனுப்பு விழா நடந்தது. அதில்தான் அவர் முதுகுப் பரீட்சையைப் பற்றிப் பேசினார். வங்கிக் குமாஸ்தாவைப் பற்றி, குழாயடிச் சண்டையைப் பற்றி எல்லாம் அழகாகச் சொன்னார். "இன்னிக்கு வரைக்கும் ஒரு கோர்ஸ்கூட அது இல்லாம வெளில போனதில்லே" என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். விழாவில் எதற்கு வம்பு என்று தட்டினேன். சாந்தியின் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்த கையால்தான் தட்டினேன். ரம்யா பார்த்தது அந்த வீடியோவைத்தான்.

ரம்யா அனுப்பிய படிவம் வந்தது. புதுப் பாடமும் கூட வந்தது. இப்போது குரல் கொடுக்க மனிதர்கள் வேண்டாமாம், இயந்திரமே பேசுகிறதாம். அறுநூறு துண்டுகள் ஒரே காலையில் தயாராகிவிட்டன என்று பெருமையாக எழுதியிருந்தாள். படிவத்தில் "ஒலி சரி" என்ற கட்டத்தில் டிக் முன்கூட்டியே அச்சாகி வந்திருந்தது. டிக் போடும் சிரமம்கூட இனி யாருக்கும் கிடையாது.

அவளைக் கூப்பிட்டு, "இதுக்கு யாரை முதுகு காட்டி உக்கார வெச்சீங்கம்மா?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்ல மேடம். ஸ்க்ரீன்ல எல்லாம் செக் பண்ணிட்டோம். டைம் இல்ல. நீங்க சும்மா ஆம்னு போட்டு அனுப்பிடுங்க, இந்த ஒரு தடவை."

கோர்ஸ் யாருக்கு என்று கேட்டேன். மருத்துவமனை வார்டு உதவியாளர்களுக்கு என்றாள்.

நீ கேட்ட டிப்ஸ் இவ்வளவுதான் ரம்யா. அறுநூறு துண்டுகளையும் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேறு வழி ஒன்றும் நான் கண்டுபிடிக்கவில்லை. படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அச்சாகி வந்த டிக்கைப் பேனாவால் அடித்திருக்கிறேன். முதுகுப் பரீட்சை நடந்தது என்ற வரியில் "இல்லை" என்பதை வட்டமிட்டு, கீழே என் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.